நர்ஸம்மாவுக்குச் சாதகமான தீர்ப்பு

முதலில் அந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள், இன்ஸ்பெக்டர். உங்கள் காகிதம் பறக்கிறது, எனக்கோ ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொல்லப் பிடிக்காது. நான் ஓய்வுபெற்ற நீதிபதி. ஓய்வுக்குப் பிறகு நடுவர் வேலை. தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போக வேண்டாம், பொது ஆள் ஒருவரை வைத்துத் தீர்த்துக்கொள்வோம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருப்பார்கள் அல்லவா, அந்தப் பொது ஆள் நான். கோர்ட் தாழ்வாரத்தில் என்னைத் 'தராசு' என்பார்கள். முகத்துக்கு நேரே சொல்வதில்லை. ஆனாலும் காதில் விழும், விழுந்தால் கசக்காது.

இந்த விவகாரமும் அப்படி வந்ததுதான். ஒரு நர்ஸம்மா. ஐந்து மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தை வாடகைக்கு எடுத்து, ஒன்பது டயாலிசிஸ் இயந்திரங்களைப் போட்டு நடத்திவந்தாள். சிறுநீரகம் கெட்டுப்போன முப்பத்தொன்பது பேர் வாரத்துக்கு மூன்று முறை அங்கே வந்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போவார்கள். கட்டடக்காரருக்கு அந்த இடம் சோபாக் கடைக்கு வேண்டியிருந்தது. காலி செய் என்றார். ஒப்பந்தப்படி இன்னும் ஏழு வருஷம் இருக்கிறது என்றாள் இவள். என்னிடம் வந்தார்கள்.

முதல் அமர்வு. நீள மேசை, தண்ணீர் பாட்டில்கள், இரண்டு பக்கமும் வக்கீல்கள், மூலையில் டைப்பிஸ்ட் பெண். இரு தரப்போடும் எனக்கு எந்தத் தொடர்பும் கிடையாது என்று நான் கையெழுத்துப் போட்ட படிவத்தை எல்லாருக்கும் கொடுத்தாயிற்று. அப்போது நர்ஸம்மா, தன் வக்கீல் கையைப் பிடித்து இழுப்பதையும் மீறி, எழுந்து நின்றாள்.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மருமகன் கட்டடக்காரரோட வக்கீல்கிட்ட கொஞ்ச நாள் ஜூனியரா இருந்தாராமே? இந்தப் பேப்பர்ல அது இல்லியே?"

இருந்தார். ஆறு மாதம். அதை எழுத வேண்டியதில்லை என்று நான் முடிவு செய்திருந்தேன். முடிவு செய்வதுதானே என் தொழில். டைப்பிஸ்ட் பெண் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டாள். நான் நிதானமாக, "நல்ல கேள்விம்மா. வேற நடுவர் வேணும்னா சொல்லுங்க, இப்பவே விலகிக்கறேன்" என்றேன்.

"வேணாங்கய்யா. கேக்கணும்னு தோணிச்சு, கேட்டேன். நீங்க நியாயமா செய்வீங்கன்னு நம்பறேன்" என்று உட்கார்ந்தாள்.

நம்புகிறாளாம். முப்பத்திரண்டு வருஷம் தீர்ப்புச் சொன்னவனுக்கு, ஊசி போடுகிறவள் நற்சான்று கொடுக்கிறாள். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் கோபத்தில் எதையும் செய்கிற ஆள் நான் இல்லை. மூன்று வாரம் யோசித்தேன்.

அவளுக்கு எதிராக எழுதியிருக்கலாம். எழுதினால், "பாத்தீங்களா, நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவாள். அந்தச் சந்தோஷத்தை அவளுக்கு ஏன் கொடுக்க வேண்டும்? தவிர, சாட்சியம் முழுக்க அவள் பக்கம். பொய்த் தீர்ப்பு என் கையால் வராது. ஆகவே அவளுக்குச் சாதகமாகவே எழுதுவது, ஆனால் அந்தத் தீர்ப்பு நிலைக்காமல் செய்வது. சரியான தீர்ப்பையும் உடைக்க ஒரு வழி உண்டு: நடுவர் ஜெயித்தவர் பக்கம் சாய்ந்தவர் என்று காட்டிவிட்டால் போதும்.

என் அக்கா வீட்டுக்காரருக்கு இரண்டு வருஷமாக டயாலிசிஸ். பெரிய ஆஸ்பத்திரியில் செய்துகொண்டிருந்தார். அக்காவிடம் போய், "அங்க எதுக்கு வரிசையில கெடக்கறீங்க? நர்ஸம்மா ஒருத்தங்க நடத்தற இடம் இருக்கு, தங்கமா பாத்துக்கறாங்க" என்றேன். "நீ சொன்னா சரிடா தம்பி" என்று மறுவாரமே மாற்றிவிட்டாள். உண்மையிலேயே அங்கே தங்கமாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். அத்தான் முகமே தெளிந்துவிட்டது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமைதோறும் நானே கூட்டிக்கொண்டு போனேன். கூட வருபவர்கள் கையெழுத்துப் போடும் நோட்டில் என் முழுப் பெயரைத் தெளிவாக எழுதி, உறவு என்ற கட்டத்தில் 'மைத்துனர்' என்று போட்டேன். முதல் நாள் நர்ஸம்மா பதறிப்போய் ஓடிவந்தாள்.

"ஐயா, கேஸ் நடக்கறப்ப நீங்க இங்க வரலாமா? எனக்கு பயமா இருக்கு."

"எங்க அத்தான்மா. கேஸ் முடியற வரைக்கும் உடம்பு காத்துக்கிட்டு இருக்குமா? ரெண்டு தரப்புக்கும் நான் எழுதித் தெரியப்படுத்திடறேன். அது என் பொறுப்பு."

"மறக்காம எழுதிடுங்கய்யா."

அடுத்த வாரமும் கேட்டாள். "எழுதியாச்சும்மா" என்றேன். எழுதவில்லை. நம்புகிறேன் என்றவள் அல்லவா, நம்பினாள். அதன் பிறகு கேட்கவில்லை, டீ கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன். பதினொரு வியாழக்கிழமைகள். நோட்டின் பக்கங்களைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டேன்.

பிறகு தீர்ப்பு. நாற்பத்தாறு பக்கம். ஏழு வருஷமும் அவள் அங்கே இருக்கலாம், கட்டடக்காரர் குறுக்கே வரக்கூடாது. நடுவர் வேலையில் நான் எழுதியவற்றிலேயே அதுதான் நல்ல தீர்ப்பு. எல்லாரும் போன பிறகு நர்ஸம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து, "அன்னைக்கு அப்படிக் கேட்டது என் தப்புங்கய்யா, மன்னிச்சிடுங்க" என்றாள். மன்னித்திருக்கலாமே என்று உங்கள் முகம் சொல்கிறது. ஆனால் மன்னிப்பை அவள் தனியாகக் கேட்டாள். கேள்வியை எல்லார் முன்னாலும் கேட்டாள்.

மறுநாள் அந்தப் படங்களை அச்செடுத்துக் கட்டடக்காரரின் வக்கீலுக்குத் தபாலில் அனுப்பினேன். அனுப்பியவர் பெயர் போடவில்லை. விலாசம் எழுதியது நான்தான், உங்கள் கையெழுத்து நிபுணர் சொன்னது சரி.

அந்தப் படங்களோடு அவர்கள் கோர்ட்டுக்குப் போக, கோர்ட் என் தீர்ப்பை ரத்து செய்தது. பாரபட்சம், மறைத்தல், புது நடுவரை வைத்து முதலிலிருந்து தொடங்குங்கள் என்றது. என் பெயரும் கெடாதா என்கிறீர்கள். இளகிய மனசுக்காரர், அத்தானுக்காக ஓடியதில் எழுதித்தர மறந்துவிட்டார் என்றுதான் என்னைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். நடுவரையே வளைத்துப் போட்டவள் என்ற பெயர் அவளுக்குத்தான் கிடைத்தது. டைப்பிஸ்ட் பெண்கூட அப்படித்தான் சொன்னாளாம்.

அடுத்த நாள் காலையிலேயே கட்டடக்காரர் தண்ணீர்க் குழாயை அடைத்தார். டயாலிசிஸுக்குக் குடம் குடமாகத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் இல்லாவிட்டால் ஒன்பது இயந்திரமும் வெறும் பெட்டி. நாற்பது பேரும் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றார்கள். அத்தானின் பழைய இடத்தில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். இரண்டு முறை தவறிப்போயிற்று. ஐந்தாம் நாள் நுரையீரலில் நீர் கோத்து, மூச்சு விட முடியாமல் இறந்துபோனார். அந்த வாரம் அவரோடு சேர்த்து நான்கு பேர்.

ரத்து ஆகப்போவது எனக்கு முன்பே தெரியும். அக்காவிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டீர்கள். மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் தெரியாத விஷயத்தை என் வீட்டு ஆளுக்கு மட்டும் சொல்வதா? அதற்குப் பெயர்தான் பாரபட்சம். என் வாழ்நாளில் நான் அதைச் செய்ததில்லை.

நேற்று அக்கா வீட்டுக்குப் போனேன். உள்ளே நர்ஸம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. கூப்பிட்டுப் பார்த்தேன். அக்கா ஒரு முறை என்னைப் பார்த்துவிட்டு, எழுந்து வந்து ஜன்னலைச் சாத்தினாள். ஒரு தரப்பை மட்டும் கேட்டு முடிவுக்கு வருவது எவ்வளவு பெரிய அநியாயம் என்று அவளுக்கு யார் எடுத்துச் சொல்வது?