செருப்பு அலமாரி வரை

அன்று மாலை கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், என் இளைய மகன், மூத்த மருமகள், மகன் செய்த விளையாட்டை வாங்க வந்த கம்பெனிக்காரர். மூத்தவன் வெளியூரில் வேலையாக இருந்தான். அவனை இதில் இழுக்க வேண்டாம். மருமகள் போட்ட தேநீர் நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் எனக்கு எதுவும் தரவில்லை.

இளையவன் கைபேசி விளையாட்டுகள் செய்கிறவன். இதில் ஒரு கூலியாள் பொம்மை, தலையில் பெட்டியோடு படியிறங்கும். கைபேசியைச் சாய்த்துச் சாய்த்து அதை விழாமல் இறக்க வேண்டும். படிக்கட்டு எங்கள் வீட்டு மாடிப்படிதான். படி, கைப்பிடி, கீழே சுவரோரம் செருப்பு அலமாரி, எல்லாம் அளந்து வைத்திருந்தான். அளக்கும்போது டேப்பின் மறுமுனையைப் பிடித்தவள் என் மகள். அதே படியில் அவள் விழுந்து இறந்த பிறகு, வேறு படிக்கட்டு வைக்கச் சொன்னாள் மருமகள். “அக்கா புடிச்ச அளவு, அண்ணி. இருக்கட்டும்” என்றான்.

அவன் வேலை செய்யும் விதம் எனக்குப் பிடிக்கும். கணினியில் ஒரு கறுப்புத் திரை. அதில் ஒரு வரி தட்டினால், மேசைமேல் ஓடிக்கொண்டிருக்கும் கைபேசியில் அந்தக் கணமே அது நடக்கும். ஆட்டத்தை நிறுத்த வேண்டியதில்லை. பாதி விழுந்துகொண்டிருக்கும் பொம்மையின் எடையைக் கூட்டுவான். மீதிப் படிகளில் அது கூடுதல் எடையோடு மோதும். நான் பாலம் கட்டும் இடங்களில் மேற்பார்வையாளனாக இருந்தவன். ஒரு தூண் சரியில்லை என்றால் இடித்துத்தான் திருத்த முடியும்.

கம்பெனிக்காரருக்குத் திருப்தியில்லை.

“மணல் மூட்டை உருள்ற மாதிரி இருக்கே தம்பி. இத வாங்கிட்டுப் போனா எங்க முதலாளி என்னையப் படியில தள்ளுவாரு.”

மகன் எடையை மாற்றினான், படியின் வழுக்கலைக் கூட்டினான். பொம்மை ஒவ்வொரு தடவையும் கடைசிப் படிகளிலேயே கை காலைப் பரப்பிக்கொண்டு நின்றுவிட்டது. கம்பெனிக்காரர் சிரித்தார். மகனின் காது சிவந்தது. என் கூடத்தில் உட்கார்ந்து, என் பிள்ளையின் வேலையைப் பார்த்து வெளியாள் சிரிப்பதை நான் சகித்துக்கொள்ள முடியாது.

“முதல்ல பெட்டிய எடு” என்றேன்.

“பெட்டி இல்லன்னா ஆட்டமே இல்லப்பா.”

“எடுன்னா எடு. விழப்போறது தெரிஞ்சே விழுது உன் பொம்மை, கைய நீட்டுது பாரு. முன்னால பாத்து எறங்குறவங்களுக்கு அது எப்படித் தெரியும்? மேல் படியிலேயே, பின்னாலேர்ந்து தள்ளு. நடுமுதுகுல இல்ல. இடது தோள்ல.”

தட்டினான். பொம்மை பாதி திரும்பியது. இடுப்பு கைப்பிடியில் அடித்தது, நெற்றி படிவிளிம்பில் இடித்தது, ஒரு முழங்கால் பின்புறமாக மடங்கியது. சுவரில் மோதி, செருப்பு அலமாரியை ஒட்டி விழுந்தது. ஒரு பாதம் மட்டும் கடைசிப் படியின்மேல் இருந்தது.

கம்பெனிக்காரர் தொடையில் தட்டினார். “இதான் சார் வேணும்! ஐயா, நீங்க பேசாம எங்க கம்பெனிக்கு வந்துடுங்க.”

மகன் சிரிக்கவில்லை. அந்த வரியை நீக்கினான். பொம்மை வழுக்கிக் கடைசிப் படிகளில் நின்றது. மறுபடி தட்டினான், மறுபடி செருப்பு அலமாரியை ஒட்டி விழுந்தது. மருமகள் தட்டைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்குப் போய்விட்டு வந்து என் மகளை முதலில் பார்த்தவள் அவள்தான்.

“தலை மட்டும் அப்படி இல்ல தம்பி” என்றாள். “அலமாரிப் பக்கம் திரும்பி... நசுங்கி...”

“அது விழுந்ததுல இல்ல. தலை அப்புறம்” என்றேன்.

தப்பாக ஒன்றைச் சொன்னால் திருத்துவது என் வழக்கம்.

“அப்பா, அன்னிக்கு நீங்க முடிவெட்டப் போயிருந்தேன்னு சொன்னீங்க” என்றான் மகன்.

கம்பெனிக்காரரைப் போய்விட்டு இன்னொரு நாள் வரச் சொன்னேன். குடும்பத்துப் பேச்சில் வெளியாளுக்கு இடமில்லை.

முடிவெட்டப் போனது உண்மை. பிறகு போனேன். மகள் கணவனை விட்டுவிட்டு வந்திருந்தாள், அதைப் பொறுத்துக்கொண்டேன். அன்று, இன்னொருவனோடு வாழப் போகிறேன் என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு மாடியிலிருந்து புறப்பட்டாள், தெருவே விழித்திருக்கும் பட்டப்பகலில். நான் குரலை உயர்த்தவில்லை. அவளும் உயர்த்தவில்லை, என் வளர்ப்பு அப்படி.

கீழே விழுந்த பிறகும் அவளுக்கு உயிர் இருந்தது. கண் திறந்திருந்தது. “அப்பா” என்று கூப்பிட்டாள். அந்த நிலையில் ஆஸ்பத்திரிக்குப் போனால் நாலு பேர் நாலு கேள்வி கேட்பார்கள். குழந்தையாக இருந்தபோது முகம் கழுவிவிடப் பிடிப்பதுபோல அவள் தலையை இரு கைகளிலும் பிடித்து, அலமாரியின் மூலையில் மோதினேன். ஒரு முறை போதவில்லை. கூப்பிடுவது நிற்கும்வரை மோதினேன். வாசலிலிருந்து வருகிறவர்கள் பார்த்துப் பயப்படக் கூடாதென்று முகத்தை அலமாரிப் பக்கம் திருப்பி வைத்தேன். மேலே போய்க் கை கழுவி, அவள் துணிகளையெல்லாம் பீரோவில் பழையபடி அடுக்கினேன். என் மகள் வீட்டைவிட்டுப் போனாள் என்று இன்றுவரை ஒருவரும் சொன்னதில்லை.

இதையெல்லாம் மகனிடமும் சொன்னேன். கேட்டுவிட்டு, வாசல் கதவைத் தாழிட்டு அதன்மேல் சாய்ந்துகொண்டு உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தான். ஆட்டத்தை யாரும் நிறுத்தவில்லை. நீங்கள் வரும்வரை பொம்மை மேல் படியில் எழுந்து நின்றது, விழுந்தது, எழுந்து நின்றது.

ஆத்திரத்தில் இரண்டு கையாலும் மகளைத் தள்ளினேன் என்று தெருவில் பேசிக்கொள்வதாகச் சொன்னீர்கள். அது தவறு. எனக்கு ஆத்திரம் எதுவும் இல்லை. அத்தனை கனத்தைப் பெண்பிள்ளை தூக்கிக்கொண்டு இறங்க வேண்டாம் என்று நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். “தேங்க்ஸ்பா” என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். தள்ளியது இடது கை மட்டும். வலது கையில் அவளுடைய பெட்டி இருந்தது.