சலவைக்கூடத்தின் மூன்று ஃபியூஸ்கள்

என் பெயரும் முகவரியும் முதல் தாளில் உள்ளபடி. வயது நாற்பத்தெட்டு. இயற்பியல் முதுகலை. தொழில், எலக்ட்ரிஷியன்.

படித்து முடித்து நான்கு ஆண்டுகள் விண்ணப்பித்தும் வேலை அமையாததால், வயரிங் கான்ட்ராக்ட் எடுத்துவந்த என் அக்காள் கணவரிடம் பொருள் பட்டியல் எழுதப் போனேன். அவருடைய மின் லோடு கணக்கு தவறு என்று இரண்டு முறை சொன்னேன். "அப்ப நீயே ஏறிப் போடு" என்றார். ஏறிப் போட்டேன். அவருடைய ஆட்கள் மூவர், "மச்சினிச்சி ஏணியில ஏறட்டும், நாங்க வீட்டுல பாத்திரம் தேய்க்கிறோம்" என்று ஒரு வாரம் வேலைக்கு வரவில்லை. அதன் பிறகு உரிமத் தேர்வு எழுதி முதல் முறையிலேயே தேறினேன். பகலில் ஆண்கள் இல்லாத வீடுகள் முதலில் கூப்பிட்டன. அதன் பிறகு ஒரு பள்ளி, ஓர் அச்சகம், இரண்டு மருத்துவமனைகள். இருபத்து மூன்று ஆண்டுகளில் நான் இழுத்த வயரில் யாருக்கும் ஷாக் அடித்ததில்லை.

கடந்த திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, புகார்தாரரின் சலவைக்கூடத்தில் அலுவலறை விளக்கைச் சரிசெய்யப் போனேன். துவைக்கும் பெரிய இயந்திரத்தின் முன்னால் ஒரு பெண் மரப்பலகைமேல் நின்றிருந்தார். காரணம் கேட்டேன். "பலகையில நின்னா செல்லமாக் கடிக்கும்க்கா. தரையில நின்னா மாமியார் மாதிரி கடிக்கும்" என்றார். டெஸ்டரை இயந்திரத்தின் உடலில் வைத்தேன், டெஸ்டர் விளக்கு எரிந்தது. எர்த் கம்பி கழற்றப்பட்டிருந்தது. கசிவு வந்தால் தானே மின்சாரத்தை நிறுத்தும் டிரிப் ஸ்விட்சைத் தவிர்த்து நேராக வயர் கொடுக்கப்பட்டிருந்தது.

உடனே புகார்தாரரிடம் சொன்னேன். "லைட்டப் பாக்க வந்தா லைட்ட மட்டும் பாரும்மா. ரெண்டு வருஷமா ஓடுது, யாரும் சாகல" என்றார். "இன்னும் சாகலன்னு சொல்லுங்க" என்றேன். அதன் பிறகு மெயினை நிறுத்தி, அந்த இயந்திரத்தின் மூன்று ஃபியூஸ்களையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, 'உடலில் மின்கசிவு, இயக்காதீர்' என்று ஒரு சீட்டில் எழுதி, கையெழுத்தும் உரிம எண்ணும் இட்டு ஸ்விட்ச் பலகையில் ஒட்டிவிட்டு வெளியே வந்தேன். விளக்கையும் சரிசெய்திருந்தேன்.

எந்தக் கடையிலும் கிடைக்கும் ஃபியூஸுக்கு ஏன் திருட்டுப் புகார் என்று காவல் நிலைய அதிகாரி கேட்டார். அதற்கான பதில் புகாரிலேயே இருக்கிறது. நான் போன பிறகு வேறு மூன்று எலக்ட்ரிஷியன்களை அழைத்ததாகவும், மூவரும் சீட்டைப் படித்துவிட்டு, "அக்கா கழட்டினதை அக்காவே வந்து மாட்டட்டும்" என்று திரும்பிவிட்டதாகவும் புகார்தாரர் எழுதியிருக்கிறார். ஒருவர் கழற்றியதை அவரைக் கேட்காமல் மற்றவர் மாட்டுவதில்லை என்பது எங்கள் தொழிலில் உள்ள வழக்கம். அதை எனக்கும் கடைப்பிடிப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அந்த மூவரில் ஒருவர், முன்பு நான் ஏணியில் ஏறியதற்காக ஒரு வாரம் வேலைக்கு வராமலிருந்தவர்.

இன்றே ஃபியூஸ்களைக் கொடுத்து மன்னிப்பு எழுதித் தந்தால் புகார் வாபஸ் பெறப்படும் என்றும், இல்லாவிட்டால் வழக்காகி என் உரிமம் போகலாம் என்றும் சொல்லப்பட்டது. புரிந்துகொண்டேன். மன்னிப்பு எழுத மாட்டேன். எர்த் கம்பியை இணைத்துச் சோதித்த அன்று நானே போய் மாட்டுவேன்.

இவ்வாக்குமூலம் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. ஓரிடத்தில் 'வெளியே ஓடினேன்' என்றிருந்ததை 'வெளியே வந்தேன்' என்று திருத்தச் சொன்னேன்; திருத்தப்பட்டது. மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)