நாக்குக்கு அடியில்

மாத்திரை பொடிக்கும் வேலையை நான் யாரிடமும் விட்டதில்லை, இன்ஸ்பெக்டர் சார். ஒக்கலிபுரத்தில் எங்கள் சென்டருக்கு வருகிறவர்கள் எல்லாம் பிரவுன் சுகர் போதை ஊசியை விட்டொழிக்க வந்தவர்கள். அந்தத் தவிப்பை அடக்கத் தினமும் மருந்து கொடுக்கிறோம். முழு மாத்திரையாகக் கொடுத்தால் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு போய் வெளியே விற்றுவிடுவார்கள். அதனால் பொடித்து நாக்குக்கு அடியில் போடுவேன். கரையும்வரை பேசாமல் உட்கார்ந்திருந்து, பிறகு வாயைத் திறந்து காட்ட வேண்டும்.

சில்வெஸ்டர் நான் கேட்காமலே கன்னத்தையும் விரித்துக் காட்டுவான். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. உடம்பு தேறியது. எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்பெனி வண்டி ஓட்டும் வேலை கிடைத்தது. கோபித்துக்கொண்டு போயிருந்த மனைவி ஸ்டெல்லா குழந்தையோடு திரும்பி வந்தாள். இவ்வளவு சீக்கிரம் ஒருவன் திருந்தி நான் பார்த்ததில்லை. எப்படியோ ஏமாற்றி வெளியே போய்த் துப்புகிறான் என்று மனசில் பட்டுவிட்டது.

கேட்டால் உண்மையைச் சொல்லவா போகிறான்? அவன் பங்குக்கு மட்டும் கால்சியம் மாத்திரையைப் பொடித்தேன். துப்புகிறவனாக இருந்தால் ஒன்றும் ஆகாது. ஒழுங்காக எடுப்பவனாக இருந்தால் உடம்பே சொல்லிவிடும். கசப்பே இல்லையே என்றான். மருந்துக் கம்பெனி மாறியிருக்கிறது என்றேன்.

சில நாளில் மூக்கு ஒழுகியது, ஓயாமல் கொட்டாவி விட்டான், கை நடுங்கியது. டோஸைக் கூட்டிக் கேட்க எல்லாரும் போடுகிற நாடகம் என்று நினைத்தேன். ஸ்டெல்லா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சுவத்துல தலைய முட்டிக்கிறாரு சிஸ்டர். டாக்டர்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. டாக்டர் இளகிய மனசுக்காரர், சோதனையைப் பாதியில் கெடுத்திருப்பார்.

கடைசியாக வந்த அன்று அவன் என் முகத்தையே பார்த்தான்.

"எனக்கு என்னதான் குடுக்குறீங்க சிஸ்டர்?"

என்னைப் போய்ச் சந்தேகப்பட்டது வருத்தமாக இருந்தது. மருந்துதான் என்றேன். தலையை ஆட்டிவிட்டு, எப்போதும்போல் வாயைத் திறந்து காட்டிவிட்டுப் போனான்.

மறுநாள் ரயில் பாதை ஓரத்தில் ஊசியோடு கிடந்தான். பல மாதம் தொடாத உடம்பு பழைய அளவைத் தாங்காது. அது எனக்கும் தெரிந்ததுதான்.

ஆமாம், மருந்தை மாற்றியது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஸ்டெல்லாவிடம் மட்டும் ஒன்று சொல்லிவிடுங்கள், கேட்டால் ஆறுதலாக இருக்கும். அவள் புருஷன் ஒரு நாளும் துப்பவில்லை. அவன் மேல் எனக்கு இப்போது எந்தச் சந்தேகமும் இல்லை.