காயாத செவப்பு

இல்ல சார், கை வெக்காதீங்க. இன்னும் ஒட்டுது. பாத்தீங்களா, விரல்ல வந்துடுச்சு. இந்தாங்க துணி. மொதல்ல துடைங்க, வாய்கிட்ட கொண்டு போயிடாதீங்க.

ஆமா சார், வண்டியில அடிச்ச பெயிண்ட் காஞ்சிடுச்சுன்னுதான் போன்ல சொன்னேன். அப்படிச் சொல்லலன்னா ஆசிரமத்துப் பக்கத்து ரூமை விட்டு வேங்கிக்கால் பட்டறை வரைக்கும் வந்திருப்பீங்களா? தப்புதான், கோச்சுக்காதீங்க. உக்காருங்க. அர்பாஸ் வெளிய போயிருக்காரு. நான் அவரோட வைஃப், உஸ்மா. காலையில டப்பாவுல என்ன கலந்திருக்குன்னு கேட்டது நான்தான். அது உனக்கெதுக்கும்மான்னு போனை வெச்சுட்டீங்க.

எதுக்குன்னா... கீழ்பென்னாத்தூர்ல ஒருத்தர் பழைய ஜீப் வெச்சிருக்காரு. அவருக்கும் இதே பெயிண்ட் வேணுமாம். நீங்க குடுத்த டப்பாவுல லேபிளே இல்லியே சார், நாங்க என்னன்னு சொல்றது?

இருபத்திரெண்டு நாள் ஆச்சு. பத்து நாள்ல காயும்னீங்க. பௌர்ணமிக்கு மொத நாள் உங்க பியட்டுக்கு அடிச்சாரு. கிரிவலத்துக்கு வந்த பஸ்ஸெல்லாம் இந்தப் பக்கமா திருப்பி விட்டாங்க, ஒரே புழுதி. மண்ணு ஒட்டிச்சுன்னா திட்டுவீங்களேன்னு ஷட்டர இறக்கி ஜன்னலையும் சாத்திட்டோம். அப்புறமும் பாதி நேரம் சாத்தித்தான் வெச்சோம். காத்து படாததாலதான் காயலங்கறீங்க. இருக்கலாம். பின்னாடி ரூம்லதான் குடியிருக்கோம். அந்த நெடியிலதான் சமைச்சோம், தூங்கினோம்.

எது சார்? கதவுக்குக் கீழயா? ஆமா, விரல் தடம்தான். எங்க பையன் அயான். ஒன்னே முக்கால் வயசு. நின்னா அவன் கைக்குச் சரியா எட்டுற எடம். ஷட்டர் சாத்தியிருந்தா ரோட்டுக்கு ஓட மாட்டானேன்னு நான்தான் இங்க விட்டுட்டு உள்ள வேலை பாத்தேன். அவனும் பெயிண்ட் அடிச்சதுக்குக் கூலி கேப்பானான்னு சிரிக்கிறீங்க. அவரு இன்னொரு கை அடிச்சு சரி பண்ணிடுவாரு சார், அத விடுங்க.

பெயிண்ட் ஜோருன்னு அவரும் சொன்னாரு. இப்ப கடையில வர்றது அரை மணியில காஞ்சு ஆறு மாசத்துல உரிஞ்சுடுது, இது அப்படி இல்லன்னு. அம்பது வருஷத்துக்குத் துரு அண்டாதா? ஓ, நீங்களே கலக்கினதா. அப்பா சொல்லிக் குடுத்த பக்குவம். எண்ணெய் என்ன சார், ஆளி விதையா? சரி. அந்தச் செவப்பு? காவியா? காவி இல்லியா.

சொல்லுங்க சார். நாங்க என்ன எதுத்தாப்புல கடையா போடப் போறோம்.

துறைமுகத்துல அப்பா வேலை பாத்தப்ப கப்பலுக்கு அடிச்சதா? அந்தப் பவுடர் இன்னுமா இருக்கு? மூட்டையில மிச்சமிருந்துச்சா. அதுக்குப் பேரு என்ன சார்?

ரெட் லெட்.

லெட்னா ஈயம்தானே? கான்வென்ட்ல சிஸ்டர் மனப்பாடம் பண்ண வெச்சாங்க. கெமிஸ்ட்ரி டேபிள்ல பி பின்னு போட்டிருக்கும், எண்பத்திரெண்டாவது. எவ்ளோ போட்டீங்க? பவுடர்தான் ஜாஸ்தி, எண்ணெய் கம்மி. நாலுல மூணு பங்கு பவுடர். சீக்கிரம் காயறதுக்கு ஒண்ணும் சேக்கலியா? டர்பண்டைன் கொஞ்சூண்டு. வேற ஒண்ணும் இல்லியே, நல்லா யோசிச்சு சொல்லுங்க.

கையில பட்டா சோப்பு போட்டா போயிடும்ங்கறீங்க. வாயில போனா?

ஏன் சார் எழுந்துட்டீங்க?

அது இனிப்பா இருக்கும் போல. மிட்டாய் மிட்டாய்னு விரல நீட்டிக் காட்டினான். வாயெல்லாம் செவப்பு. பக்கத்துல ஸ்வீட் ஸ்டால் வெச்சிருக்காங்களே ஜோதியம்மாள், அவங்கதான் எப்பவும்போல ஜாங்கிரி ஊட்டி விட்டிருப்பாங்கன்னு துடைச்சு விட்டேன். ஒரு தடவ இல்ல சார், எத்தனையோ நாள். வயித்த வலின்னு அழுதப்பகூட ஜாங்கிரியத்தான் திட்டினேன்.

ஸ்டூல் மேல இருக்கிறதா? என் போன் சார். ஆன்லதான் இருக்கு, நீங்க உள்ள வந்ததுல இருந்து. போலீஸெல்லாம் இல்ல, உக்காருங்க. அந்தப் பக்கம் அவரும் டாக்டரும் இருக்காங்க, வேலூர் ஆஸ்பத்திரியில. நேத்துல இருந்து அயானுக்கு ஃபிட்ஸ் நிக்கல. உள்ள என்ன போச்சு, எவ்ளோ போச்சுன்னு கேட்டுட்டே இருக்காங்க. மொதல்லயே இதச் சொல்லியிருந்தா நீங்க வந்திருக்க மாட்டீங்க. அதான் நான் அவங்களோட ஆம்புலன்ஸ்ல ஏறாம இங்கயே இருந்துட்டேன்.

கொஞ்சம் கிட்ட வாங்க சார். அந்தப் பேரையும் அளவையும் இன்னொரு வாட்டி சத்தமா சொல்லிடுங்க, டாக்டருக்குச் சரியா கேட்டுச்சான்னு தெரியல.