எண்ணிக்கொண்டிருந்த குருவி

ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்காருங்கள், காற்று வரும். டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். தனியாக இருக்கிறவன் போடும் டீ அப்படித்தான், அளவு பிடிபடுவதில்லை. மேசைமேல் இருப்பதையெல்லாம் தாராளமாக எடுத்துப் பார்க்கலாம். எதிலும் இப்போது மின்சாரம் இல்லை.

நல்ல வேளை, நீங்கள் அவசரக்காரர் இல்லை. போன தடவை உங்கள் ஸ்டேஷனிலிருந்து வந்தவர் நின்றுகொண்டே கேள்வி கேட்டார். "பழைய சாமான், ஷாக் அடிச்சிருக்கு, அவ்வளவுதானே?" என்றார். நானும் தலையாட்டிவிட்டேன். கேட்கிறவருக்கு நேரமில்லை என்றால் சொல்கிறவன் என்ன செய்வான்? இரண்டாம் தடவை ஆள் வருகிறது என்றால், யாரோ அந்தப் பவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டார்கள் என்று அர்த்தம். அதனால் ஒளிக்க ஒன்றுமில்லை.

இது நாங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் வீடுகளில் இருந்த கணினி. வெறும் தட்டச்சுப் பலகை மாதிரி தெரியும். மொத்த இயந்திரமும் அதற்குள்ளேயே அடக்கம். டிவியில் செருகினால் படம் வரும். விளையாட்டெல்லாம் கேசட்டில், பாட்டுக் கேட்கிற அதே கேசட்டில். இதைச் செய்த கம்பெனியை இழுத்து மூடி வெகுகாலம் ஆகிறது. ஆனால் இதை விட மனமில்லாத கிறுக்கர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறோம். இதற்கென்று புதிதாக விளையாட்டு எழுதுவோம், புதிதாக உதிரிப் பாகம் செய்வோம். "பெத்தவங்க கைவிட்ட புள்ளைய நாமதானப்பா படிக்க வெக்கணும்" என்பார் மீட்டர் அண்ணன்.

இறந்துபோனவர் அவர்தான். நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். இந்தக் கணினிக்கு மின்சாரம் கொடுப்பது தனியாக ஒரு பவர் பெட்டி; யார் எந்தப் பெட்டியைக் கொடுத்தாலும், முதலில் மீட்டர் வைத்து அளவு பார்க்காமல் இயந்திரத்தில் செருகமாட்டார். அதனால் அந்தப் பெயர். அவருடைய மனைவியே கோபம் வந்தால் "உங்க மீட்டரு எங்க?" என்றுதான் என்னிடம் கேட்பார்.

நான் டிவி மெக்கானிக். மனைவி காலமான பிறகு கடையை விட்டுவிட்டு இந்தக் கூடத்திலேயே மேசையைப் போட்டுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் எல்லாரும் இங்கேதான். பல் டாக்டர் வருவார், பஸ் டிரைவர் வருவார், தையல்கார அக்கா வருவார். அந்த அக்கா எழுதும் விளையாட்டுகளுக்கு வெளிநாட்டில்கூட ரசிகர்கள் உண்டு. ஆளுக்கொரு கெட்டுப்போன சாமானோடு வருவார்கள். ஒருத்தருக்குக் கேசட் ஏறாது, ஒருத்தருக்குத் திரை நடுங்கும். கேசட் ஏறவைக்க ஒரு சின்னத் திருகைத் திருப்பித் திருப்பியே பாதி நாள் போய்விடும். அதற்குள் சண்டை, கிண்டல், யாருடைய மாமியார் என்ன சொன்னார் என்ற கதை எல்லாம் நடந்துவிடும். மகள் தூர தேசத்திலிருந்து போன் செய்வாள். "அப்பா, சாப்டியா? சரி, வெச்சிடறேன்" என்பாள். மற்ற நாட்களில் இந்த வீட்டில் கேட்கும் மனிதக் குரல் அது மட்டும்தான்.

கெட்டிக்காரத்தனமாக நான் ஒரு காரியம் செய்தேன். கேசட்டுக்குப் பதிலாக ஒரு புது மின்னணு அட்டை. இயந்திரத்தின் முதுகில் செருகிவிட்டால் போதும். இதுவரை வந்த எல்லா விளையாட்டும் நகமளவு மெமரி கார்டிலிருந்து கண் இமைப்பதற்குள் ஏறிவிடும். திரை நடுங்காது, கேசட் சிக்காது. இயந்திரத்தைப் போட்டதும் அந்த அட்டை கீச்சென்று ஒரு சத்தம் கொடுக்கும். அதனால் குருவி என்று பெயர் வைத்தோம். எல்லாரும் என்னைத் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். தையல்கார அக்கா அதற்குத் துணியில் உறைகூடத் தைத்துக் கொடுத்தார்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவில்லை.

மழை என்று நினைத்துக்கொண்டேன். அதற்கடுத்த வாரம் மழையில்லை. நாற்காலிகளைத் துடைத்துப் போட்டுவிட்டு, வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொறுக்கமாட்டாமல் பல் டாக்டருக்குப் போன் போட்டேன். "ஒரு பிரச்சினையும் இல்லண்ணே, சூப்பரா ஓடுது" என்றார். டிரைவரும் அதையேதான் சொன்னார். பிரச்சினை இல்லை என்ற வார்த்தை இவ்வளவு வலிக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. சமையலறையில் நின்று அழுதேன். என் கையாலேயே என் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

குருவிக்கு ஒரு புதுப் பதிப்பு எழுதினேன். இசை இன்னும் நன்றாக இருக்கும் என்று சொல்லி எல்லாருக்கும் அனுப்பினேன். உண்மையிலேயே இசை நன்றாகத்தான் இருந்தது. கூடவே ஒரு சின்ன வேலையும் சேர்த்திருந்தேன். இயந்திரத்தை ஒவ்வொரு முறை போடும்போதும் குருவி அதை எண்ணி வைத்துக்கொள்ளும். எண்ணிக்கை நிறைந்ததும் திரையைக் கலைத்துவிடும். பார்ப்பவருக்கு ஏதோ பழைய சிப் போய்விட்டது போலத் தோன்றும். என்னிடம் கொண்டுவருவார்கள். நான் மூடியைத் திறந்து, துடைத்து, ஊதி, கதை பேசி, போகும்போது எண்ணிக்கையைப் பழையபடி ஆக்கிவிடுவேன். ஒருவரிடமும் ஒரு பைசா வாங்கியதில்லை. இயந்திரத்துக்கும் ஒரு கீறல் விழாது. சொல்லப்போனால், வருஷக்கணக்கில் தூசி தட்டாத இயந்திரமெல்லாம் அதனால்தான் சுத்தமானது.

கூடம் மறுபடி நிறைந்தது. என் கைராசியைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். அந்த நாட்களில் நான் நன்றாகத் தூங்கினேன்.

வேறு யாராக இருந்தாலும் இது இன்றுவரை தெரிந்திருக்காது. வாங்கிய சாமான் ஓடினால் போதும் என்றுதான் மனிதர்கள் இருப்பார்கள். எங்கள் கூட்டத்துக்கு அந்தப் புத்தி கிடையாது. ஒரு சிப் கையில் கிடைத்தால், அதற்குள் எழுதியிருப்பதை வரி வரியாகப் படிக்காவிட்டால் சோறு இறங்காது. மீட்டர் அண்ணன் குருவியைப் படித்தார். குற்றம் கண்டுபிடிக்க இல்லை, நான் அந்த இசையை எப்படிக் கொண்டுவந்தேன் என்று ரசிப்பதற்காக.

தனியாகத்தான் வந்தார். இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான் உட்கார்ந்தார்.

"தம்பி, இது என்னத்த எண்ணுது?"

"எதுண்ணே?"

"நடிக்காதப்பா. மெஷினப் போடறப்பல்லாம் ஒண்ணு கூட்டுது. நெறஞ்சதும் படத்தக் கலைச்சு விடுது. நான் திரும்பத் திரும்பப் படிச்சுப் பாத்துட்டேன்."

நான் டீயை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"காசும் வாங்க மாட்டேங்கற. அப்புறம் எதுக்குடா இந்த வேல?"

"கெட்டுப்போகலன்னா ஒருத்தரும் வரமாட்டேங்கறாங்கண்ணே."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் வரமாட்டனா?" என்றார்.

"நீங்க ஒருத்தர் வருவீங்க."

"சரி விடு. வர்ற ஞாயித்துக்கிழமை எல்லாரும் இருக்கறப்ப இத முடிச்சிடலாம். நான் பாத்துக்கறேன்" என்று தோளில் தட்டிவிட்டு எழுந்தார். மீதி டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுத்தான் போனார்.

எல்லாரும் இருக்கும்போது முடிப்பது என்றால் என்ன, நீங்களே சொல்லுங்கள். என்னை நடுவில் நிறுத்திவைத்து, இவன்தான் நம் சாமானைக் கெடுத்தான் என்று சொல்வது. வேறென்ன இருக்க முடியும்? டாக்டர் சிரிப்பார். அக்கா சிரிக்கமாட்டார், தன் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார். அதன்பிறகு இந்த வாசலை யார் மிதிப்பார்கள்? நான் அவரிடம் கெஞ்சியிருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. கெஞ்சினால் இரக்கப்பட்டு வருவார்கள். இரக்கப்பட்டு வருகிறவர்கள் உட்காரமாட்டார்கள்.

அவருடைய பவர் பெட்டி சூடாகிறது, புதிதாக ஒன்று செய்து தா என்று வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வாரம் செய்தேன்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இயந்திரத்தைத் திறந்து சிப்பைத் தொடுவதற்கு முன்னால், அதன் பின்பக்கத்து உலோகத் தகட்டை வெறுங்கையால் அழுத்திப் பிடிப்போம். நம் உடம்பில் தேங்கியிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும், சிப் பிழைக்கும். எங்களுக்கெல்லாம் அதைச் சொல்லிக்கொடுத்தவர் மீட்டர் அண்ணன்தான். தொடாமல் கையை உள்ளே விட்டால் மணிக்கட்டிலேயே ஒரு தட்டு விழும். "முதல்ல தகட்டத் தொடு, அப்புறம் மத்ததத் தொடு" என்பார். செருப்பும் போடவிடமாட்டார்.

பெட்டியில் ஒரு கம்பி இருக்கக் கூடாத இடத்தில் இருந்தது. அதற்குமேல் சொல்லத் தேவையில்லை, உங்கள் ஆட்கள் பார்த்திருப்பார்கள். மீட்டரில் மட்டும் அளவு சரியாகக் காட்டவேண்டும் என்பதில் கவனமாக இருந்தேன். அவர் எப்படியும் பார்ப்பார் என்று தெரியும்.

நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "கடையில வாங்கினாக்கூட இப்படி இருக்காது" என்றார். என் எதிரிலேயே மீட்டர் வைத்தார். அளவு மயிரிழை பிசகவில்லை. அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார் அண்ணி. வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டேன். உடனே பஸ் கிடைத்தது, உட்கார இடமும் கிடைத்தது.

ஞாயிறு வருவதற்குள் அண்ணன் தகட்டைத் தொட்டுவிட்டார். அடக்கம் முடிந்து எல்லாரும் இங்கேதான் வந்தார்கள். வேறெங்கே போவார்கள்? பக்கத்து வீட்டில் நாற்காலி இரவல் வாங்க வேண்டியதாயிற்று. இருட்டும் வரை யாரும் எழவில்லை. டிரைவர் என் தோளில் சாய்ந்து குழந்தை மாதிரி அழுதார். நானும் அழுதேன். அது நடிப்பில்லை, அதை நீங்கள் நம்பவேண்டும். அவரைப் போல ஒரு மனிதர் எனக்கு இனிக் கிடைக்கமாட்டார்.

கொஞ்ச நாள் கழித்து அண்ணி வந்தார். கைக்குட்டையில் முடிந்து ஒரு மெமரி கார்டு கொண்டுவந்தார்.

"உன் குருவியில ஏதோ சின்னத் தப்பு இருந்துச்சாமே தம்பி. அவரே ராவும் பகலுமா உக்காந்து திருத்தினாரு. 'புதுப் பதிப்புன்னு எல்லாருக்கும் குடுத்துடறேன், தம்பி பேரு கெடக் கூடாது, யார்கிட்டயும் மூச்சு விடாத'ன்னாரு. ஞாயித்துக்கிழமை அவர் கையால குடுக்கணும்னு ஆசப்பட்டாரு."

அண்ணி போனபிறகு போட்டுப் பார்த்தேன். குருவி கீச்சென்றது. எண்ணுகிற வேலையை அண்ணன் சுத்தமாக எடுத்துவிட்டிருந்தார். ஆக்கியவர் என்று என் பெயர் மட்டும்தான் இருந்தது. எண்ணிக்கை இருந்த இடத்தில் வேறொன்று எழுதியிருந்தார். அட்டையில் ஒரு சின்னக் கடிகாரம் உண்டு. அது ஞாயிற்றுக்கிழமை என்று காட்டினால், விளையாட்டு ஏறுவதற்கு முன்னால் திரையில் ஒரு வரி வரும். 'இன்னைக்கு ஞாயிறு. தம்பி வீட்டுக்குப் போயிட்டு வந்து விளையாடு.'

வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல மனிதர்தான், ஆனால் விவரம் போதாது. ஒரு வரியைப் படித்துவிட்டு யார் பஸ் ஏறி வருவார்கள்? நாலு ஞாயிறு வருவார்கள், ஐந்தாவது ஞாயிறு அந்த வரி கண்ணிலேயே படாது. கெட்டுப்போன சாமானை அப்படி விட முடியாது. அதனால் அதை அழித்துவிட்டு, என் பதிப்பையே வைத்துக்கொண்டேன்.

அண்ணன் போனதிலிருந்து எல்லாருக்கும் தங்கள் பழைய பவர் பெட்டிகளைப் பார்த்துப் பயம். பாதுகாப்பாகப் புதிது செய்து கொடுங்கள் என்று என்னிடம்தான் வந்தார்கள். வரிசையாகச் செய்து கொடுத்தேன். மற்ற பெட்டிகள் எல்லாம் நல்லவை, குழந்தைகூடத் தொடலாம்.

ஆமாம், மற்ற பெட்டிகள் என்றேன். நான் எந்தச் சாமானையும் ஜோடியாகத்தான் செய்வேன். ஒன்று சொதப்பினால் மற்றது கைகொடுக்கும் என்று மெக்கானிக்குகள் எல்லாரும் செய்வதுதான். அண்ணனுடைய பெட்டிக்கும் ஜோடி இருந்தது, அதே இடத்தில் அதே கம்பியோடு. கொடுத்த அவசரத்தில் அதுவும் ஒருவர் பையில் போய்விட்டது. தவறுதலாகத்தான் போயிருக்க வேண்டும். யாருடைய பை என்று நினைவிருக்கிறது. அவர் இன்னும் மூடியைத் திறந்திருக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? டீ அப்படியே இருக்கிறது, சூடாக வேறு போட்டுத் தருகிறேன். போனைக் கீழே வையுங்கள், உட்காருங்கள். பெயர்தானே, எங்கே போய்விடப் போகிறது? அதைச் சொல்லிவிட்டால் நீங்களும் போய்விடுவீர்கள்.