ஒரு நாள் சுகர் பேஷண்ட்

நெருப்பெரிச்சல் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சின்னவள் ஒரு பனியன் கம்பெனியின் நர்ஸ். பெரியவர் அதே கம்பெனியில் தைத்த பனியன்களைச் செக்கிங் பார்க்கும் அக்கா.

“இன்னைக்குப் பூரா நான் சுகர் பேஷண்டுங்கக்கா,” என்றாள் நர்ஸ்.

நான் கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்தேன்.

“என்ன கண்ணு சொல்ற?”

“டிரெய்னிங்குங்க. சுகர் இருக்கறவங்களுக்கு எப்படி எடுத்துச் சொல்றதுன்னு எங்களுக்குக் கிளாஸ் வெச்சாங்க. இன்னொருத்தி நர்சு, நான் பேஷண்டுன்னு நடிக்கச் சொன்னாங்க. டீக்குச் சக்கரை போடறீங்களான்னு கேட்டா. இல்லவே இல்லீங்கன்னுட்டேன்.”

“அப்படிச் சொல்லச் சொன்னாங்களா?”

“இல்லீங்க. சக்கரை நெறையப் போட்டுக் குடிக்கற ஆளுன்னு சொல்லித்தான் உக்கார வெச்சாங்க. அவ பேனாவைப் புடிச்சுட்டு ஏற எறங்கப் பாத்தாளுங்க. பொய் தானா வந்துருச்சு.”

அக்கா சிரித்தார். “நீயும் அப்படித்தான கண்ணு கேப்ப?”

நர்ஸ் சிரிக்கவில்லை.

“நம்ம கட்டிங் மாஸ்டரு சுகர் மாத்திரையத் தவறாமப் போடறேன்னுதான் நான் எப்பக் கேட்டாலும் சொல்றாருங்கக்கா. கால் புண்ணுதான் ஆறவே மாட்டேங்குது.”