மிதிகதவு

ரொம்ப முன்னாலப்பா. நம்ம செந்தட்டியூரணிக்கு அப்பக் கரண்டும் வரல, பஸ்ஸும் வரல. ஹைஸ்கூல் மட்டும் வந்திருச்சு. அந்த ஹைஸ்கூலுக்கு ஒரு டீச்சர் வந்தாகளாம். பேரு ஞானாதிக்கம். தெக்க இருந்து ஒத்தையா வந்தாக. ஒரு தகரப்பெட்டி, ஒரு குடை, அவ்வளவுதான் சாமான். கல்யாணம் காட்சி கிடையாது, புள்ளகுட்டி கிடையாது. ஆனா இன்னைக்கு ஊர்ல பாதிச் சனம் அவுகள எங்க ஆத்தான்னுதான் சொல்லுது. ஏன்னு கேளுங்க.

அவுகளுக்குத் தமிழ்ப் பாடம். பாடம் முடிஞ்சா பட்டிமன்றம். பொம்பளப் பிள்ளைகள ரெண்டு பக்கமா நிறுத்தி மோதவிடுவாகளாம். சும்மா இல்ல. "ஏட்டி, முதல்ல எதிராளி பக்கம் நின்னு பேசு. அவனுக்கு எதுல பெருமை, எங்க தொட்டா துள்ளுவான்னு தெரிஞ்சுக்க. அப்புறமா உன் பக்கம் வா"ம்பாகளாம்.

ஆம்பளைக முன்னால நிமிந்து பாக்காத பிள்ளைகள்லாம் பேசுச்சு. அதுல ஒருத்தி ராக்கு, வேலாண்டி மக. அவ பேச எந்திரிச்சா காக்கா கூடக் கரையாதாம். ஜில்லாப் போட்டியில ஜெயிச்சு வெங்கலக் கோப்பையோட வந்தா. டீச்சருக்கு அவமேல உசுரு.

அப்ப ஊர்ல தனக்கோடின்னு ஒரு முதலாளி. தீப்பெட்டி ஆபீஸ் அவரோடது. பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் குடுத்ததும் அவருதான். ஊரே அவரு குடுக்குற வேலையிலதான் கஞ்சி குடிச்சுச்சு. விடியுமுன்ன ஆபீஸ் வண்டி வரும், தூக்கக் கலக்கத்தோட பிள்ளைகள அள்ளிட்டுப் போகும். மழை பொய்ச்ச வருஷம், வேலாண்டி வீட்டுல அடுப்பு எரியல. ராக்கும் அந்த வண்டியில ஏறிட்டா.

டீச்சரு வண்டிய மறிச்சாகளாம். "முதலாளி, இவள விட்டுருங்க. இவ பேசப் பிறந்தவ." முதலாளி சிரிச்சாராம். "பேச்சு சோறு போடுமா டீச்சர்? கட்டையில தீக்குச்சி அடுக்குனாச் சோறு கிடைக்கும்."

வண்டி போயிருச்சு.

அந்தக் கோடையில ஆபீஸ்ல தீப்புடிச்சுச்சு. ஏழு பிள்ளைக. ஏழும் கரிக்கட்டை. அதுல ராக்கும் ஒருத்தி.

விசாரிக்கச் சர்க்கார் ஆளுக வந்தாக. முதலாளி சொன்னாரு, "பிள்ளைக குச்சிய உரசி விளையாடிருச்சுக. கதவு திறந்துதான் கிடந்துச்சு. பயந்து மூலையில ஒண்டிக்கிடுச்சுக, நான் என்ன செய்ய?" அத எழுதிக்கிட்டுப் போயிட்டாக. கதவு வெளிப்பக்கம் பூட்டிக் கிடந்தது ஊருக்கே தெரியும். பெத்த அப்பனும் வாய் திறக்கல. மிச்சப் பிள்ளைகளுக்கும் அங்கதான வேலை?

டீச்சரு போயிப் பாத்தாகளாம். இரும்புக் கதவு. உள்பக்கம் பூராம் பிள்ளைக கைத்தடம். தட்டுன தடம், பிராண்டுன தடம். டீச்சரு அழல. ராக்கோட ஆத்தா, "ஏந்தாயி, நீங்க மட்டும் அழல?"ன்னு கேட்டாளாம். "அழுதா ஆத்திரம் கரைஞ்சு போயிரும். எனக்கு அது வேணும்"ன்னாகளாம் டீச்சர்.

ஆத்திரத்த வச்சுக்கிட்டு ஆண்டு விழா வரைக்கும் பொறுத்தாக. விழாவுக்கு சப்-கலெக்டர் வாராரு. டீச்சரு முதலாளி வீட்டுக்கு நேராப் போனாக. "பிள்ளைக பட்டிமன்றம் பேசுதுக. பொம்பளப் பிள்ளைக்கு மேலானது படிப்பா, தொழிலா? நீங்கதான் நடுவரா இருந்து தீர்ப்பு சொல்லணும்." மனுசன் குளுந்து போனாரு. மாலையப் போட்டுக்கிட்டு மேடையில உக்காந்தாரு. ஊரே எதிர்ல உக்காந்திருக்கு.

தொழில் பக்கம் சீனித்தாய் எந்திரிச்சா. ராக்கு கூடவே திரிஞ்ச பிள்ளை. "எங்க முதலாளி மாதிரி உண்டா? வேலை நேரத்துல ஒருத்தி வெளிய போக முடியுமா? வெளிப்பக்கம் பூட்டு, சாவி அவுக மடியில! அந்தக் கண்டிப்பாலதான் ஆபீஸ் நிக்குது!"ன்னா. முதலாளி மீசையத் தடவுனாரு.

படிப்புப் பக்கம் பேச்சியம்மா எந்திரிச்சா. "பொய்! பூட்டாவது, சாவியாவது? எங்க முதலாளிக்கு அவ்வளவு அதிகாரம் ஏது? ஆளுகள அடக்கத் தெரியாத அப்புராணி அவுக. பிள்ளைக நினைச்சா வரும், நினைச்சாப் போகும். அவுக பேச்ச அங்க யாரு மதிச்சா? இப்படி ஆளுகிட்ட வேலை பாக்குறதுக்குப் படிக்கலாம்!"

சனம் சிரிச்சிருச்சாம். அவ்வளவுதான். முதலாளி மூஞ்சி செவந்து போச்சு. தீர்ப்பு சொல்ல எந்திரிச்சவரு தீர்ப்பையே மறந்தாரு. "எவடி சொன்னா என்னைய அடக்கத் தெரியாதவன்னு? ஆபீஸ் திறந்த நாள்ல இருந்து என் கையால பூட்டுறேன், என் கையால திறக்குறேன்! என்னைக் கேக்காம ஒரு ஈ வெளிய போனதுண்டா? ஒரு நா, ஒரே ஒரு நா, அந்தக் கதவு திறந்து கிடந்ததுன்னு எவளாவது சொல்லட்டும் பாப்போம்!"

சொல்லி முடிச்சாரு. சிரிப்பு நின்னுபோச்சு.

சப்-கலெக்டர் மெதுவாக் கேட்டாராம், "ஒரு நாள் கூடத் திறந்து கிடக்கலியா?"

அப்பத்தான் முதலாளிக்குத் தான் என்ன சொன்னோம்னு உறைச்சுச்சு. ராக்கோட ஆத்தா கூட்டத்துல இருந்து எந்திரிச்சா. அவ பின்னால ஊரே எந்திரிச்சுச்சு. "பூட்டுனத நான் பாத்தேன்"ன்னு வேலாண்டி கத்துனான். "நானும் பாத்தேன்", "நானும்"ன்னு கத்துது சனம். டீச்சரு மேடையேறி, "நடுவர் தீர்ப்பு சொல்லிட்டாக. சபை கலையலாம்"ன்னாகளாம்.

கேசு நடந்துச்சு, ஜெயிலுக்குப் போனாரு. ஆபீஸ் மண்ணாப் போச்சு. சனம் அந்த இரும்புக் கதவப் பேத்து மாட்டுவண்டியில ஏத்திக் கொண்டாந்துச்சு. "எங்க வைக்க டீச்சர்?" டீச்சரு பள்ளிக்கூடத்துப் பேச்சுமேடைக்கு ஏறுற வாசலக் காட்டுனாகளாம். "கைத்தடம் மண்ணப் பாக்கட்டும், பூட்டுப் போட்ட பக்கம் மேல இருக்கட்டும். ஏறுறவுக மிதிச்சு ஏறட்டும்."

வருஷம் போச்சு. ஜெயில்ல இருந்து கிழவனா வந்தாரு தனக்கோடி. டீச்சருக்கும் தலை நரைச்சிருச்சு. பள்ளிக்கூடத்துக்கு வந்து நின்னு, "அனுபவிச்சுட்டேன் தாயி. வாரவன் போறவன்லாம் என் கதவ மிதிக்கான். எடுத்துருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்"ன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு.

பாத்தவுக மனசே இளகிருச்சுங்காக. டீச்சருக்கு இளகல.

"எடுக்கணும்னு ஒரு பக்கம், எடுக்கக் கூடாதுன்னு ஒரு பக்கம். பட்டிமன்றம் வச்சிருவோம். உங்க பக்கத்த நீங்களே பேசுங்க. மேடை அந்தா இருக்கு, ஏறுங்க."

அவரு மேடையப் பாத்தாரு. கீழ கிடக்குற கதவப் பாத்தாரு. அத மிதிக்காம ஏற வழி கிடையாது. கால் தூக்குனாராம். தூக்குன கால் அந்தரத்துலயே நின்னுச்சாம். கீழ வைக்க முடியல. திரும்பி நடந்தவருதான், அதுக்கப்புறம் அவர இந்த ஊர்ல யாரும் பாக்கல.

அதுதான் மிதிகதவு. டீச்சரு கண்ண மூடி எம்புட்டோ காலமாச்சு, இன்னைக்கும் எடுக்கல. வேற மேடையில ஏறும்போது தொட்டுக் கும்பிட்டு ஏறுவாக, செருப்பக் கழட்டிட்டு ஏறுவாக. நம்ம ஊரு மேடைக்கு அந்த வழக்கம் கிடையாது. நாளைக்குப் பேசப் போற பிள்ளைக கேட்டுக்கோங்க. செருப்போட ஏறுங்க. குதிகால ஊனி, சத்தம் கேக்க மிதிச்சு ஏறுங்க.